நன்றியுரையில் ஒன்பதாவது பெயர்

ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு வரிசை எண்படிதான் கூப்பிடப்போகிறார்கள் என்றால் எல்லாரையும் எதற்கு ஒன்பதரைக்கே வரச்சொல்லி வராந்தாவில் உட்காரவைக்க வேண்டும் என்று கோகிலவாணிக்குப் பொங்கியது. ஆளுக்கு ஏழு நிமிஷம் என்று வைத்தாலும் பதினேழாவது ஆளான அவளுக்குப் பதினொன்றே கால் தாண்டிவிடும், இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம், ஆனால் நேர மேலாண்மை என்று ஒரு முழுத் தாளை இரண்டாம் வருஷத்தில் நடத்தி, அதில் அவளுக்கு எண்பத்திரண்டும் போட்ட பி.பி.ஏ. துறைக்கு இது தோன்றவில்லை. யாரிடமாவது போய்க் கேட்கலாமா என்று பாதி எழுந்தவள், தோளில் சேலையின் சேஃப்டி பின் குத்தியதில் திரும்ப உட்கார்ந்தாள். வைவா அன்றைக்கு எல்லாப் பெண்களும் துறைச் சேலையில் வரவேண்டும், பையன்கள் மட்டும் எந்தச் சட்டையிலும் வரலாம், இதையும் ஒரு நாள் கேட்கத்தான் வேண்டும், ஆனால் இன்றைக்கு வேண்டாம். இன்றைக்கு அவளுக்கு யாரோடும் சண்டையில்லை. அது அவளுக்கே விநோதமாக இருந்தது. காலையில் அவிநாசி ரோட்டில் கைகாட்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்திய டிரைவர் மேல் நன்றி, தலைக்கு மேலே டக்டக்கென்று அடித்துக்கொண்டாலும் சுற்றுகிற மின்விசிறி மேல் நன்றி, பக்கத்தில் உட்கார்ந்து உதடு மட்டும் அசைய மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிற அஃப்ரின் மேல்கூட நன்றி. ஆய்வுக்காகக் கம்பெனி ஊழியர்கள் நிரப்ப வேண்டிய அஃப்ரினின் நூற்றிருபது கேள்விப் படிவங்களும் போன மாசம் ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் விடுதி மொட்டைமாடியில் நிரம்பின. ஐந்து நிறப் பேனா, நான்கு தோழிகள், ஒரு பெரிய பாக்கெட் மிக்சர். இடது கையால் ஒரு முப்பது, கண்ணை மூடிக்கொண்டு ஒரு இருபது. துறையில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். போன வருஷத்து அக்காவின் புத்தகத்தில் கம்பெனி பெயரை மட்டும் மாற்றினால் போதும், ஊழியர் மனநிறைவு எல்லா வருஷமும் எல்லாக் கம்பெனியிலும் எழுபத்தெட்டு சதவீதம்தான். நீ மட்டும் என்னடி உத்தமி என்று அஃப்ரின் கேட்டதற்கு, நான் நிஜமான மனுஷங்ககிட்ட நிஜமா கேட்டு வருவேன் என்று கோகிலவாணி அரை மணி நேரம் பேசினாள். பேசிவிட்டுத்தான் வழக்கமாக எதையும் யோசிப்பாள்.

நிஜமாகத்தான் போனாள். முந்நூறு பேர் வேலை பார்க்கிற பனியன் கம்பெனி, வாசலில் வேப்பமரம், உள்ளே போனால் காதில் மெஷின்கள் ஒன்றாகப் பெய்கிற சத்தம், மூக்கில் துணித்தூசி. மனிதவள மேலாளர் தனசேகர் எத்தனை நல்லவராக இருந்தார், டீ வரவழைத்தார், எங்க பொண்ணும் இதே படிப்புதான் என்றார், மூன்று தையல் லைன்களில் நூற்றுப்பத்துப் பேரிடம் படிவம் கொடுத்துக்கொள்ள அனுமதித்தார், திரும்பி வந்ததும் ஒரே ஒரு நாள் கொடுத்தால் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று மட்டும் கேட்டார். அதில் அவளுக்குத் தப்பாக எதுவும் படவில்லை. இருதரப்பு நம்பிக்கை, திறந்த தகவல் தொடர்பு என்று மூன்றாம் அலகில் வருவது இதுதானே என்று உச்சி குளிர்ந்துபோனாள். ஆய்வு முறையியல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு படிவத்துக்கும் வலது மேல் மூலையில் எண் போட்டிருந்தாள், ஒன்றிலிருந்து நூற்றுப்பத்து வரை, சிவப்பு மையில், குண்டுகுண்டாக. முதல் மெஷினில் ஒன்று, அடுத்த மெஷினில் இரண்டு என்று வரிசை பிசகாமல் கொடுத்துக்கொண்டே போனாள். ஒழுங்கு என்றால் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. கொடுக்கும்போது, பேர் எழுத வேண்டாங்க, பயப்படாம உண்மையை எழுதுங்க, உங்க ஹெச்.ஆர். சார் ஒரு தடவை பார்த்துட்டு எனக்குத் தந்துடுவார் என்று ஒவ்வொரு லைனிலும் நின்று உரக்கச் சொன்னாள். மறைக்காமல் சொன்னாளாம். இப்போது நினைத்தாலும் கழுத்துக்குப் பின்னால் சூடு ஏறியது. எண்ணும் போட்டு, வரிசையாகவும் கொடுத்து, யார் பார்க்கப்போகிறார் என்பதையும் ஊருக்கே அறிவித்துவிட்டு, பயப்படாதீங்க என்று சொல்லிய ஒருத்தியை அந்த நூற்றுப்பத்துப் பேரும் மெஷினை விட்டுத் தலை நிமிர்த்திப் பார்த்த பார்வை. அதை அன்றைக்கு அவள் மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து வாசலில் ஒரு கட்டைப்பையோடு வந்து நின்றவள் இசக்கியம்மாள். மூன்றாவது லைனில் துணியின் ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லர், சங்கரன்கோவில் பக்கம், இருபத்துமூன்று வயசிருக்கும், காதில் சின்னப் பச்சைக்கல் தோடு, முன் முடியிலெல்லாம் வெள்ளைத் தூசி. மூன்று லைன் படிவத்தையும் அவளே வாங்கிச் சேர்த்திருந்தாள். கோகிலவாணி பையைத் திறந்து பார்த்தாள், அவ்வளவுதான், தலை சுற்றியது. நூற்றுப்பத்திலும் வலது மேல் மூலையைக் காணோம். எண்ணோடு சேர்த்துக் கிழித்து எடுத்திருந்தது. யாருங்க்கா இப்படிப் பண்ணினது என்று கேட்டதற்கு இசக்கி, ஓரத்துல இருந்துச்சு மேடம், கிழிஞ்சிட்டு என்றாள். நூற்றுப்பத்தும் அதே மூலையிலா கிழியும் என்று இவள் குரலை உயர்த்தினாள். கிழியும் மேடம், எங்க லைன்ல எல்லாருக்கும் கிழிஞ்சா ஒண்ணுபோலத்தான் கிழியும் என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். தன்னைவிட மூன்று வயசு பெரியவள், தன்னை மேடம் என்கிறாள், அந்த மேடத்தில் எவ்வளவு சிரிப்பு இருந்தது. இவளோ வேப்பமரத்தடியில் நின்று தரவு, சரிபார்ப்பு, நம்பகத்தன்மை என்று பத்து நிமிஷம் பாடமே நடத்தினாள், என்னுடைய படிப்பே போச்சு என்றாள், உங்களுக்காகத்தானே இதெல்லாம் செய்கிறேன் என்றுகூடச் சொன்னாள். ஐயோ, சொன்னாள். இசக்கி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு மூலை போனா படிப்பு போயிருமாக்கும் என்று சொல்லி, டீ நேரம் முடிந்த மணியடிக்க உள்ளே ஓடிவிட்டாள். அந்தக் கோபம் தணியாமலேதான் பையைக் கொண்டுபோய்த் தனசேகர் மேஜையில் வைத்தாள். அவர் முதல் படிவத்தை எடுத்தார். கேள்வியைப் பார்க்கவில்லை, பதிலைப் பார்க்கவில்லை, வருஷா வருஷம் படிவம் பார்த்துப் பழகிய கட்டைவிரல் நேரே வலது மேல் மூலைக்குப் போனது. போய், அங்கே காகிதம் இல்லாமல் காற்றில் நின்றது. இரண்டாவது படிவம், பத்தாவது, நடுவிலிருந்து ஒன்று, எல்லாவற்றிலும் அந்த விரல் அதே இடத்துக்குப் போய் நின்றது. நம்பர் போடச் சொல்லித்தரலையாம்மா என்றார். பிறகுதான் பதில்களில் கண்ணை ஓட்டி, பதினாலாவது கேள்விக்கு இப்படி எழுதினது யாருன்னு தெரிஞ்சா கூப்பிட்டு ஒரு கவுன்சிலிங் கொடுக்கலாமேன்னு பார்த்தேன் என்றார், அதே டீ வரவழைத்த குரலில். நம்பர் போடலீங்க சார், மூலையெல்லாம் பையில மடங்கிடுச்சு, அசிங்கமா இருந்துச்சுன்னு நான்தான் கிழிச்சேன் என்று தன் வாய் சொல்வதை அவளே கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் சொன்ன ஒன்று சரியாக அமைந்தது.

மூலையில்லாத படிவங்களை ஒரு நாள் வைத்துக்கொள்ள அவர் கேட்கவில்லை, பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவற்றைப் படித்தாள். பதினாலாவது கேள்வி, உங்கள் மேற்பார்வையாளர் உங்களிடம் மரியாதையாகப் பேசுகிறார். ஐந்து போட்டால் முழுச் சம்மதம், ஒன்று போட்டால் அறவே இல்லை. எழுபத்தோரு பேர் ஒன்றைச் சுழித்திருந்தார்கள். சிலர் பேனாவை அழுத்திய அழுத்தத்தில் காகிதம் பின்பக்கம் புடைத்திருந்தது. ஒருத்தி ஒன்றுக்கு இடது பக்கம் ஒரு பூஜ்யம் வரைந்து அதைச் சுழித்திருந்தாள். மூலை கிழியும் என்று தெரிந்திருந்ததால் எழுதிய பதில்கள். இசக்கி எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவைத்திருக்க வேண்டும், எழுதுங்கட்டி, நம்பரை நான் பாத்துக்கிடுதேன் என்று. இவளுடைய எண்ணோடு அந்தப் படிவங்கள் வந்திருந்தால் நூற்றுப்பத்தும் நான்காக இருந்திருக்கும், மொட்டைமாடி மிக்சர் படிவங்களுக்கும் அவற்றுக்கும் என்ன வித்தியாசம் இருந்திருக்கும். அதைவிட, யாராவது நாலு பேர் இவள் பேச்சை நம்பி ஒன்று போட்டிருந்தால். அந்த நாலு பேரை அவர் கட்டைவிரல் கண்டுபிடித்திருந்தால். மறுநாள் டீ நேரத்துக்குப் போய் வாசலில் நின்றாள், மன்னிப்புக் கேட்க, நன்றி சொல்ல, இரண்டையும் எந்த வரிசையில் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு. இசக்கி டீ கிளாஸோடு வந்து, அதுக்கென்ன மேடம் என்றாள். நல்லா எழுதுங்க என்றாள். அடுத்த மாசமும் நான் இதே மெஷின்லதான் உக்காந்திருக்கணும், பாத்துக்கிடுங்க என்று சிரித்தாள். எவ்வளவு பெரிய மனசு என்று கண் கலங்கிவிட்டது இவளுக்கு. தான் செய்த தப்பிலிருந்து தன்னைத் தனக்கே தெரியாமல் காப்பாற்றிய ஒருத்திக்கு என்ன செய்வது. என்ன செய்தால் தகும்.

அதற்குத்தான் நன்றியுரை. எல்லாப் புத்தகத்திலும் அச்சடித்தாற்போல் ஒரே வரிசை: இறைவன், கல்லூரித் தலைவர், செயலர், முதல்வர், துறைத்தலைவர், வழிகாட்டி, கம்பெனி மேலாளர், பெற்றோர், ஒன்பதாவதாக நண்பர்கள். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் நேரில் பார்க்காத தலைவர் இரண்டாவது இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவளுடைய ஆய்வுக்கு ஊக்கமளித்தாராம். வழிகாட்டி பிரபாவதி மேடத்தின் அறையில் இதைப் பற்றி இரண்டு நாள் நடந்தது. இசக்கியம்மாளை முதலில் போடவேண்டும் என்று இவள், அதெல்லாம் வழக்கமில்லை என்று மேடம். வழக்கத்தை மாற்றுவது எப்படி என்றுதானே மேடம் மாற்ற மேலாண்மை நடத்தினீர்கள் என்று இவள். ஏம்மா கோகிலா, உன்னோட பேசி ஜெயிக்கிறதுக்கு நான் தனியா ஒரு பட்டம் வாங்கணும் போல என்று மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார், கடைசியில் நண்பர்களை எடுத்துவிட்டு ஒன்பதாவதாகப் போட்டுக்கொள் என்று விட்டுக்கொடுத்தார். என்னைத் தூக்கிட்டு அவங்களைப் போட்டியாக்கும் என்று அஃப்ரின் ஒரு வாரம் முறைத்தாள். போடத்தான் செய்தாள், எல்லாருக்கும் ஒரு வரி, இசக்கிக்கு மட்டும் மூன்று வரி. என் படிவங்களின் மூலைகளைக் கிழித்து, பதிலளித்தவர்களையும் இந்த ஆய்வின் உண்மையையும் காப்பாற்றிய, மூன்றாவது லைன் ஓவர்லாக் டெய்லர் இசக்கியம்மாளுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. ஆங்கிலத்தில் அது இன்னும் கம்பீரமாக இருந்தது. அந்தப் பக்கத்தை நினைத்துத்தான் காலையிலிருந்து இத்தனை குளிர்ச்சி. எத்தனையோ வாதத்தில் ஜெயித்திருக்கிறாள், ஜெயித்ததில் ஒன்றாவது இன்னொருத்தருக்காக இருந்ததா. இது இருந்தது. இசக்கி அதைப் பார்க்கவேண்டும், தன் பெயர் கெட்டி அட்டைக்குள், தலைவர் செயலர் எல்லாரோடும் ஒரே பக்கத்தில், பொன்னிற எழுத்துப் போட்ட புத்தகத்தில். எப்படிப் பார்ப்பாள். மூன்று பிரதி கட்டியிருக்கிறது, ஒன்று துறைக்கு, ஒன்று நூலகத்துக்கு, மூன்றாவது கம்பெனிக்கு. வைவா முடிந்து கையெழுத்தானதும் கம்பெனிப் பிரதியைத் துறையே இன்றைக்கு அனுப்பிவிடும், அதனால் இசக்கி அங்கேயே பார்த்துவிடலாம், தனசேகர் சார் கூப்பிட்டுக் காட்டுவார். முதலில் அவர் தன் பெயரைத் தேடுவார், யாராக இருந்தாலும் அப்படித்தான், ஏழாவதாக இருக்கும், பார்த்துச் சந்தோஷப்படுவார், ஏழுக்குக் கீழே எட்டு, பெற்றோர், அதற்குக் கீழே.

கீழே. மின்விசிறி டக்கென்றது. அதற்குக் கீழே என்ற இடத்திலேயே நினைப்பு நின்றது, தள்ளினாலும் நகரவில்லை. ஏழிலிருந்து ஒன்பதுக்கு இரண்டே வரி. அவருடைய கட்டைவிரல் அந்த இரண்டு வரியும் இறங்கி வரும். நான்தான் கிழிச்சேன் என்று இவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள், இல்லை கிழித்தது இசக்கி என்று இவளே பெயரோடு, லைனோடு, மெஷினோடு அச்சடித்துக் கையெழுத்தும் போட்டு அனுப்புகிறாள். சிவப்பு மையில் போட்ட நூற்றுப்பத்து எண்களாவது மூலையில் இருந்தன. இது பக்கத்தின் நடுவில். அடுத்த மாசமும் நான் இதே மெஷின்லதான் உக்காந்திருக்கணும். அது சிரிப்பில்லை. சிரித்துக்கொண்டே கேட்ட ஒரே ஒரு உதவி அது, அதைப் போய் பெரிய மனசு என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டு வந்திருக்கிறாள். எப்படி இது தோன்றாமல் போயிற்று. தனக்கு மட்டுமா, மேடத்துக்கு, டைப் செய்த அண்ணனுக்கு, படித்துப் பார்த்து முறைத்த அஃப்ரினுக்கு, ஒருத்தருக்குமா. வழக்கமில்லை என்று மேடம் சொன்னார், வரிசை மாறுகிறது என்றார், அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை, மனிதவளம் படிக்கிற இடத்தில். இல்லை, மேடத்தை இழுக்காதே, எழுதியது யார், இரண்டு நாள் வாதாடியது யார். வாதாடாமல் விட்டிருந்தால், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மேடம் சொன்னதற்குச் சரி என்று தலையாட்டியிருந்தால் அந்தப் பக்கமே இருந்திருக்காது. அஃப்ரின் அவள் முழங்கையைத் தொட்டு, என்னடி மூஞ்சி இப்படிப் போச்சு, எல்லாம் வரும் உனக்கு என்றாள். மூன்று பிரதியும் உள்ளே, மேஜையில். போய் எடுத்துவிடலாமா, கதவு சாத்தியிருக்கிறது. கம்பெனிக்குப் போகும் முன் பியூனிடம் கெஞ்சலாமா, அவர் துறைத்தலைவரைக் கேட்பார், துறைத்தலைவர் ஏன் என்பார். ஏன் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அது இன்னும் நாலு பேருக்குத் தெரியும், நாலு பேரில் ஒருவர் தனசேகருக்கு ஃபோன் போட மாட்டார் என்று என்ன நிச்சயம், கம்பெனியும் கல்லூரியும் ஒப்பந்தம் போட்டிருக்கிறது, வருஷா வருஷம் இருபது பேரை வேலைக்கு எடுக்கிறார்கள். உண்மையைச் சொல்லக்கூடாது, உண்மையைச் சொல்லாமல் அந்தப் பக்கத்தை எடுக்கவேண்டும். இப்படி ஒரு வாதம் அவள் செய்ததே இல்லை. கதவு திறந்தது. பதினாறு வெளியே வந்தான், வெற்றிக்குறி காட்டினான். உள்ளேயிருந்து அவள் பெயரைச் சொன்னார்கள். எழுந்து போனாள்.

ஈரோட்டுப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். பக்கத்தில் பிரபாவதி மேடம். மேஜையில் அவளுடைய மூன்று புத்தகங்கள், மேலே இருந்தது திறந்திருந்தது, எந்தப் பக்கம் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. உட்காரும்மா என்றார் அவர். காலையிலிருந்து பதினாறு புத்தகம் பார்த்தாயிற்று, பதினாறிலும் ஒரே நன்றி, உன்னுடையதில்தான் ஏதோ ஒரு ஆள் தெரிகிறது என்றார், முகம் மலர்ந்து. இந்த மூலை கிழித்த சமாசாரம் என்ன, அதிலிருந்தே ஆரம்பிப்போம் என்றார். இதற்காகத்தானே ஒரு மாசமாக வாயில் வைத்துக்கொண்டு திரிந்தாள். சொன்னால் நாற்பதுக்கு நாற்பதுகூடப் போடுவார், போடுகிற முகம்தான். சொற்களெல்லாம் தொண்டை வரை வந்து வரிசையில் நின்றன.

"யாரும்மா இந்த இசக்கியம்மாள்?"

"அப்படி யாரும் இல்லீங்க சார்."

கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. பிரபாவதி மேடம் நிமிர்ந்தார்.

"இல்லைன்னா?"

"நானா எழுதினதுங்க சார். படிக்க நல்லா இருக்கட்டும்னு."

"நன்றியுரையில கதை எழுதி வச்சிருக்கியா?" அவர் பக்கங்களைப் புரட்டிப் பதினாலாவது கேள்வியின் அட்டவணையில் நின்றார். "அப்ப இந்த எழுபத்தொண்ணும் அதே கதைதானா?"

"அது உண்மைங்க சார்."

"ஆமாமா," என்றார் அவர். மலர்ச்சி போய்விட்டிருந்தது. பதினாறு பேரையும் பார்த்த மாதிரியே இப்போது அவளைப் பார்த்தார், மொட்டைமாடியையும் மிக்சரையும் பார்ப்பது போல. இல்லை சார், நான் மட்டும்தான் சார் நிஜமாகப் போனேன், வெயிலில் நின்றேன், கேட்டேன், என்று மூன்று வருஷத்துக் கோபமும் எழுந்து பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. இப்போது மேடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேடத்துக்குத் தெரியும், இசக்கி யார், எந்த லைன், என்ன செய்தாள் என்று எல்லாவற்றையும் இந்த வாய்தான் மேடத்திடம் இரண்டு நாள் கொட்டியிருக்கிறது. மேடம் அவளைப் பார்த்தார். பிறகு மூன்றாவது பிரதியை, அதன் மேல் பென்சிலால் கம்பெனி என்று எழுதியிருந்ததை, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன் சார்," என்றார் மேடம். "இந்தப் பொண்ணுக்குக் கற்பனை கொஞ்சம் ஜாஸ்தி."

கோகிலவாணி குனிந்துகொண்டாள். மேஜை விளிம்பு தண்ணீருக்குள் தெரிவது போல நெளிந்தது.

தேர்வாளர் மதிப்பெண் தாளை இழுத்து எதையோ எழுதினார். இருபதைத் தாண்டவில்லை என்பது பேனா நகர்ந்ததிலேயே தெரிந்தது. "கற்பனைப் பேரோட நான் கையெழுத்துப் போட முடியாது. மூணுலயும் அந்தப் பக்கத்தை எடுத்துட்டுக் கொடு. இங்கேயே, என் முன்னாடியே எடு."

"ரொம்ப நன்றிங்க சார்."

அவர் தலையைத் தூக்கினார். "எதுக்கு? மார்க்கைக் குறைச்சதுக்கா?"

"ஆமாங்க சார்," என்றாள் கோகிலவாணி, மூன்றாவது பிரதியை முதலில் எடுத்துக்கொண்டு.